‘எழுந்து வா’ என்றவர்களும் ‘துரோகி’ என்றவர்களும்: கலைஞர் மறைந்த அந்த இரண்டு நாட்கள்

2018 ஆகஸ்ட் முதல் வாரம். ஆழ்வார்பேட்டை காவேரி மருத்துவமனை வாசலில் இரவு பகலாக நின்றவர்கள் எழுப்பிய முழக்கம் ‘எழுந்து வா தலைவா’. உள்ளே படுத்திருந்தவருக்கு 94 வயது. ஐந்து முறை முதலமைச்சர். 1957-ல் குளித்தலையில் தொடங்கி 2016-ல் திருவாரூர் வரை, நின்ற 13 சட்டமன்றத் தேர்தல்களில் ஒன்றில்கூடத் தோற்காதவர். நேரில் அவரை ‘வா’ என்று ஒருமையில் அழைக்கக்கூடியவர்கள் கட்சியில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்திருப்பார்கள். ஆனால் வாசலில் நின்ற இருபது வயதுப் பையன் தொண்டை கிழிய அழைத்தான். யாருக்கும் அது மரியாதைக் குறைவாகப் படவில்லை. சாமியையும் பெற்ற தாயையும் இறந்தவரையும் தமிழில் நாம் ஒருமையில்தான் அழைக்கிறோம்.

ஆகஸ்ட் 7 மாலை 6.10 மணிக்கு மு. கருணாநிதி இறந்தார். அன்று இரவே தமிழ்நாட்டிலும் தமிழர் வாழும் பிற இடங்களிலும் இரண்டு விதமான பேச்சு கிளம்பியது. ஒரு பக்கம் அழுகை. இன்னொரு பக்கம், குறிப்பாக இணையத்தில், வசை. வசையில் அடிக்கடி வந்த சொல் ‘துரோகி’. இந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். எதிரியை யாரும் துரோகி என்று சொல்ல மாட்டார்கள். தன் வீட்டு ஆள், நம்மைக் காப்பாற்றக் கடமைப்பட்டவர் என்று நம்பியிருந்தவரைத்தான் அப்படிச் சொல்ல முடியும். அழுதவர்களும் ஏசியவர்களும் ஒரே உறவுமுறையில் நின்றுதான் பேசினார்கள் என்பது என் வாசிப்பு. அந்த உறவுமுறையை அமைத்துக் கொடுத்தவரும் கருணாநிதியேதான்.

உடன்பிறப்பு என்ற சொல்

கட்சி நாளேடான முரசொலியில் அவர் எழுதிய ஆயிரக்கணக்கான கடிதங்கள் ‘உடன்பிறப்பே’ என்று தொடங்கும். மேடையில் ஏறினால் ‘என் உயிரினும் மேலான அன்பு உடன்பிறப்புகளே’. அந்த முதல் வரிக்காகவே கூட்டத்துக்குப் போனவர்கள் உண்டு; அந்தக் கரகரத்த குரல் ‘உயிரினும் மேலான’ என்று இழுக்கும்போதே கைதட்டல் தொடங்கிவிடும். கட்சித் தொண்டனைத் தம்பி என்று அழைக்கும் மரபு அண்ணாவிடமிருந்து வந்தது. அதைத் தினசரி வழக்கமாக்கி, ஒரு குடும்பத்துக்குள் நடக்கும் கடிதப் போக்குவரத்துபோல அரை நூற்றாண்டுக்கு மேல் நடத்தியவர் இவர்.

1969 பிப்ரவரி 3-ல் அண்ணா இறந்தபோது கருணாநிதி படித்த இரங்கற்பாவை இன்றும் மனப்பாடமாகச் சொல்லும் முதியவர்கள் இருக்கிறார்கள். அண்ணாவின் இதயத்தை இரவலாகக் கேட்டு, தான் வரும்போது அதைக் கையோடு கொண்டுவந்து காலடியில் வைப்பதாகச் சொல்லி முடியும் கவிதை அது. அடுத்த தலைவர் யார் என்ற கேள்வி கட்சிக்குள் எழுந்திருந்த நேரம். துக்கமும் உரிமைகோரலும் அதில் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. இறந்தவரோடு ‘நீ’ என்று பேசுவது, அவரிடம் ஒன்றைக் கேட்பது, திருப்பித் தருவதாக வாக்குக் கொடுப்பது எல்லாம் ஒப்பாரியின் இலக்கணம். அதை மாநில அரசியலின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார் கருணாநிதி. 49 ஆண்டுகள் கழித்து அந்தக் கவிதை ஒரு நிலத் தகராறில் சாட்சியாக வந்து நின்றது.

ஆறடி நிலம்

மெரினாவில் அண்ணாவின் நினைவிடத்துக்கு அருகே இடம் வேண்டும் என்று குடும்பத்தினர் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியை நேரில் பார்த்துக் கேட்டார்கள். அரசு மறுத்தது. மெரினா அடக்கங்களை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன, சட்டச் சிக்கல் இருக்கிறது, எனவே கிண்டியில் சர்தார் பட்டேல் சாலையில், காந்தி மண்டபத்தை ஒட்டி, இரண்டு ஏக்கர் தருகிறோம் என்றது. பதவியில் இருக்கும்போது இறந்த முதல்வர்களுக்குத்தான் மெரினா என்பது அரசுத் தரப்பின் இன்னொரு வாதம். அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா மூவருமே பதவியில் இருந்தபோது இறந்தவர்கள் என்பது உண்மை.

இந்த வாதத்தில் ஒரு குத்தலும் இருந்தது. முன்னாள் முதல்வர் காமராசர் 1975 அக்டோபரில் இறந்தபோதும், 24 நாள் முதல்வராக இருந்த, எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகி 1996 மே மாதம் இறந்தபோதும் ஆட்சியில் இருந்தவர் கருணாநிதி. இருவருக்கும் மெரினா கிடைக்கவில்லை. அப்போது இல்லாத விலக்கு இப்போது எப்படி வரும் என்று கேட்டது அரசு. தர்க்கமாகப் பார்த்தால் தள்ளிவிட முடியாத கேள்வி. ஆனால் பிணம் வீட்டில் கிடக்கும்போது பழைய பாக்கியைக் கேட்கிறவனை நம் ஊரில் யாரும் நியாயஸ்தன் என்று சொல்ல மாட்டார்கள். ஊரில் எவ்வளவு பகை இருந்தாலும் சாவுக்கு வழி மறிப்பது கூடாது. இந்த உணர்ச்சி எவ்வளவு ஆழமானது என்பதை அரசு சரியாக எடைபோடவில்லை.

அன்றிரவு பொறுப்புத் தலைமை நீதிபதி ஹுலுவாடி ஜி. ரமேஷ், நீதிபதி எஸ்.எஸ். சுந்தர் அமர்வு அவசரமாகக் கூடியது. விசாரணை நள்ளிரவைத் தாண்டிப் போனது. வழக்குகள் நிலுவையில் இருப்பதாகத்தானே அரசு காரணம் சொல்கிறது. அந்த வழக்குகளைப் போட்டிருந்தவர்கள் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மறுநாள் காலை 8 மணிக்கு விசாரணை மீண்டும் தொடங்கியது. முற்பகலில் தீர்ப்பு வந்தது: மெரினாவில் அடக்கம் செய்யலாம்.

அந்தச் செய்தி ராஜாஜி மண்டபத்துக்கு வந்த கணத்தைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின. தந்தையின் உடலருகே நின்ற மு.க. ஸ்டாலின் கைகளைக் கூப்பிக்கொண்டு உடைந்து அழுதார். பக்கத்தில் இருந்தவர்கள் தாங்கிப் பிடித்தார்கள். வெளியே எழுந்த ஓசையைத் தேர்தல் வெற்றிச் செய்தி என்றுகூட நினைத்திருக்கலாம். புதைகுழிக்கு இடம் கிடைத்ததற்காக எழுந்த ஆரவாரம் அது. இரவல் வாங்கிய இதயத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார் என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1969-ல் எழுதிய வரி 2018-ல் நிலப் பட்டாபோல ஆகிவிட்டது.

கருணாநிதி மேல் மரியாதை இல்லாத பலரும் அந்த ஒரு இரவு அவர் பக்கம் சாய்ந்தார்கள். என்னைக் கேட்டால், அவர் மறைவை ஒட்டிய எதிர்வினைகளின் போக்கை மாற்றியது இரங்கல் உரைகள் எதுவும் இல்லை, அரசின் அந்த மறுப்புதான். அதுவரை 2ஜி, குடும்ப ஆட்சி, ஈழம் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் ‘இருந்தாலும் ஆறடி இடத்துக்கா இப்படி’ என்று ஆரம்பித்தார்கள். கணக்குப் பார்க்கும் வேலை ஒத்திப்போடப்பட்டது. பிறகு அது முறையாக நடக்கவே இல்லை.

அன்று ராஜாஜி மண்டபத்தில் நெரிசலில் சிக்கி இருவர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். அடக்கம் பற்றிய செய்திகளின் அடியில் அது ஒரு வரியாகப் போய்விட்டது.

அழுதவர்கள் யார்

கட்சிக்காரர்கள் அழுதது வியப்பில்லை. ஸ்டாலின் வெளியிட்ட கடிதத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்கே போனாலும் சொல்லிவிட்டுப் போவீர்களே, இந்த முறை ஏன் சொல்லாமல் போனீர்கள் என்று தொடங்கி, இப்போதாவது ஒரே ஒரு முறை ‘அப்பா’ என்று கூப்பிட்டுக்கொள்ளட்டுமா தலைவரே என்று முடியும். ஊரெல்லாம் அவரைச் சொந்தமாக்கிக்கொண்டு ஒருமையில் கூப்பிட்டபோது, மகன் ‘தலைவரே’ என்று பன்மையில் நின்று உறவுச்சொல்லுக்கு அனுமதி கேட்டார். கட்சி குடும்பமாகவும் குடும்பம் கட்சியாகவும் ஆகிப்போன அந்த இயக்கத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டிவிட முடியாது.

கட்சிக்கு வெளியே இருந்து வந்த துக்கத்துக்குத்தான் விளக்கம் தேவை. விஜயகாந்த் அமெரிக்காவில் சிகிச்சையில் இருந்தபடி காணொளியில் குலுங்கி அழுதார்; அரசியலில் அவர் கருணாநிதியை எதிர்த்துக் கட்சி நடத்தியவர். திருநங்கைகள் அழுதார்கள். 2008-ல் அவர்களுக்கு நல வாரியம் அமைத்தது அவர் ஆட்சி. அதைவிடப் பெரியது, அதுவரை தெருவில் அவர்கள் மேல் எறியப்பட்ட சொற்களுக்குப் பதிலாகத் ‘திருநங்கை’ என்ற சொல்லை அரசுத் தாள்களில் ஏற்றியது. 2009-ல் அருந்ததியர்களுக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது. அதன் பிறகு பொறியியல், மருத்துவக் கல்லூரிக்குள் முதல் முறையாகக் கால் வைத்த குடும்பங்கள் இருக்கின்றன.

மக்கள் நலப் பணியாளர்களின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1989-ல் தொடங்கிய கருணாநிதி ஆட்சியில் ஊராட்சிகளில் நியமிக்கப்பட்டவர்கள். 1991-ல் ஆட்சி மாறியதும் வேலை போனது. கருணாநிதி திரும்ப வந்ததும் வேலையும் வந்தது. 2001-ல் மறுபடி போனது. 2006-க்குப் பின் மறுபடி வந்தது. 2011-ல் மறுபடி போனது; அந்த முறை 13,000 பேருக்கு மேல். அடுப்பில் உலை ஏறுவதும் இறங்குவதும் ஒரு மனிதர் கோட்டையில் இருக்கிறாரா இல்லையா என்பதைப் பொறுத்திருந்த இருபது ஆண்டுகள். இதை நல்லாட்சி என்று சொல்லிவிட முடியாது. ஒரு வேலை யார் ஆட்சி என்பதைப் பொறுத்து நிலைப்பதே அந்த அமைப்பின் கோளாறு. கட்சி பார்த்து நியமித்தார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்டு. ஆனால் அந்தக் குடும்பங்கள் அன்று ஏன் அழுதன என்று கேட்பதற்கு எதுவும் இல்லை.

அன்று மாலை நான் டெல்டாவில் உறவினர் வீட்டில் இருந்தேன். ஏழு மணிக்குள் தெருவில் கடைகள் சாத்தப்பட்டுவிட்டன. டீக்கடைக்காரர் பால் பாத்திரத்தை அடுப்போடு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா தொலைக்காட்சி முன்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாழ்நாள் முழுக்க இரட்டை இலைக்கு ஓட்டுப் போட்டவர். என்னைப் பார்த்ததும், ‘கொல்லைப்பக்கம் இருக்குதே அந்தக் காணி, எங்கப்பன் குடுத்ததில்ல தம்பி, இந்த ஆளு குடுத்தது’ என்றார். 1989-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தால் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்றானது. இந்திய அளவில் அது வர 2005 ஆனது. அந்த அக்காவுக்குச் சட்டத்தின் பெயர் தெரியாது. அண்ணன்களோடு வருஷக்கணக்கில் பேச்சு இல்லாமல் போனது தெரியும், கடைசியில் காணி வந்தது தெரியும். இதற்காக ஒருமுறைகூட அவருக்கு ஓட்டுப் போட்டதில்லையே அக்கா என்று கேட்டேன். ‘ஓட்டு வேற, இது வேற’ என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அழாதவர்கள்

அழ மறுத்தவர்களில் முதலில் நிற்பவர்கள் ஈழத் தமிழர்கள். எல்லோரும் இல்லை, இலங்கையிலிருந்தும் இரங்கல் செய்திகள் வந்தன. ஆனால் 2009-ஐ உடலில் சுமந்துகொண்டிருப்பவர்களுக்கு அவர் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது ஏப்ரல் 27. அன்று அதிகாலை அண்ணா நினைவிடத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கனரக ஆயுதங்களைப் பயன்படுத்துவதை இலங்கை நிறுத்துகிறது என்ற செய்தியைக் காட்டி நண்பகல் வாக்கில் முடித்துக்கொண்டார். அதற்குப் பிறகும் குண்டு விழுந்தது. அது பற்றிக் கேட்டபோது மழை விட்டும் தூவானம் விடவில்லை என்றார். பேச்சில் பழமொழி வைத்து மடக்குவது அவருக்குக் கைவந்த கலை. அந்த ஒரு பழமொழியை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். மூன்றே வாரத்தில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. கடைசி மாதங்களில் 40,000 வரையான பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்று 2011-ல் ஐநா நிபுணர் குழு சொன்னது.

ஒரு மாநில முதல்வரால் அந்தப் போரை நிறுத்தியிருக்க முடியுமா என்பது வேறு விவாதம். முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் மத்திய அரசில் பங்காளியாக இருந்துகொண்டு, தமிழினத்தின் தலைவர் என்ற பட்டத்தையும் வைத்துக்கொண்டு, முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்ளாமல் முடித்துவிட்டதாகக் காட்டியது அவர் செய்த தேர்வு. ‘துரோகி’ என்ற சொல் பிறந்த இடம் அது. அண்ணன் வருவான் என்று நம்பிக் கதவைத் திறந்துவைத்தவர்களின் சொல். அதை வெறும் வெறுப்பு என்று தள்ளியவர்கள் ‘உடன்பிறப்பே’ என்ற சொல் எவ்வளவு தூரம் எட்டியிருந்தது என்பதை மறந்துவிட்டார்கள்.

தாமிரபரணிக் கரையில் இன்னொரு மௌனம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியது. ஆற்றில் விழுந்தும் அடிபட்டும் 17 பேர் செத்தார்கள்; அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அப்போது முதல்வர் கருணாநிதி. விசாரணை ஆணையம் போலீஸ் மேல் பழி போடவில்லை. எல்லாச் சாதியினரும் சேர்ந்து வாழச் சமத்துவபுரம் கட்டியவரின் ஆட்சியில், கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர்களுக்கு நடந்தது இது. 2018-ல் அந்த நினைவு நாள் வந்து போன ஐந்தாம் நாள் அவர் மருத்துவமனைக்குப் போனார். இரங்கல் சிறப்பிதழ்களில் உழவர் சந்தைக்கும் 133 அடி வள்ளுவருக்கும் பக்கம் பக்கமாக இடம் இருந்தது. தாமிரபரணியை நான் தேடிப் பார்த்தவற்றில் காணவில்லை.

ஊழல், குடும்பம், அவர் ஆட்சி மீதான ஊழல் புகார்களை விசாரித்த சர்க்காரியா ஆணையம், 2ஜி அலைக்கற்றை வழக்கு பற்றியெல்லாம் ஏராளமாக எழுதியாகிவிட்டது. 2ஜி வழக்கில் 2017 டிசம்பரில் எல்லோரும் விடுதலையானார்கள் என்பதால் அந்தக் குரல் 2018-ல் கொஞ்சம் தணிந்திருந்தது.

மூன்றாவதாக ஒரு வகை வசை இருந்தது. அதை மேற்சொன்ன இரண்டோடும் சேர்க்கக் கூடாது. இசை வேளாளர் குடியில், திருக்குவளையில் நாதஸ்வரக்காரர் வீட்டில் பிறந்தவர் ஆட்சி செய்ததையே பொறுக்க முடியாதவர்களின் வசை. அவர் பிறப்பையும், வீட்டுப் பெண்களையும் வைத்து உயிரோடு இருந்தபோது பேசியதையேதான் அன்று இரவும் பேசினார்கள். தாமிரபரணிக்காரர் கேட்கும் கேள்வியும் முல்லைத்தீவுக்காரர் கேட்கும் கேள்வியும் அவர் செய்ததைப் பற்றியவை. இது அவர் யாராகப் பிறந்தார் என்பதைப் பற்றியது. விமர்சனம் என்ற பெயரில் இரண்டும் ஒரே கூடையில் விழுந்தது பெரிய கேடு. அந்தச் சாதி வன்மத்தைக் காட்டியே நியாயமான எல்லாக் கேள்விகளையும் வாய் மூடச் செய்வது கட்சிக்காரர்களுக்குச் சுலபமாகிவிட்டது.

செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசலாமா என்று அன்று நிறையப் பேர் கேட்டார்கள். நம் ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு இந்தக் கேள்வி எழாது. மார்பில் அடித்துக்கொண்டு அழும் பெண் இறந்தவன் குடித்ததைச் சொல்வாள், நகையை அடகு வைத்ததைச் சொல்வாள், பிள்ளைகளை நட்டாற்றில் விட்டதைச் சொல்வாள். கூட்டத்தில் யாரும் அவள் வாயைப் பொத்துவதில்லை. அழவும் ஏசவும் ஒரே நேரத்தில் அவளுக்கு உரிமை உண்டு.

1987-க்கும் 2018-க்கும் நடுவே

1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். இறந்தபோது சென்னை கலவரத்தில் எரிந்தது. அண்ணா சாலையில் நின்ற கருணாநிதி சிலையை ஓர் இளைஞன் கடப்பாரையால் நெஞ்சில் குத்தும் புகைப்படம் பத்திரிகையில் வந்தது. அவன் முதுகில் குத்தவில்லை, நெஞ்சில்தான் குத்துகிறான், அதில் எனக்கு நிம்மதி என்ற பொருளில் கருணாநிதி எழுதினார். தன்னை இடித்தவனையும் சின்னத்தம்பி என்றே அதில் அழைத்தார். சிலை விழுந்தது. 2018-ல் அப்படிப் பழிதீர்க்கும் வன்முறை இல்லை. பேருந்துகள் நின்றன, கடைகள் மூடின, ஆங்காங்கே கல் விழுந்தது. எந்தத் தலைவரின் சிலையும் இடிபடவில்லை. 2016-ல் ஜெயலலிதா இறந்தபோதும் இதே அமைதிதான்.

மாறாத ஒன்று, தலைவரின் சாவைத் தாங்காமல் இறந்தவர்கள் என்ற பட்டியல். இரண்டு கட்சிகளும் அப்படி ஒரு பட்டியல் தயாரித்து, குடும்பங்களுக்குப் பணம் அறிவித்தன. முதியவர்களின் இயல்பான மரணங்கள் அதில் எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. தீக்குளிப்பையும் மாரடைப்பையும் ஒரே பட்டியலில் வைத்து மரியாதை செய்வது அடுத்த சாவுக்கு வழி காட்டுகிறது. இதைக் கட்சிகள் நிறுத்த வேண்டும்.

அவர் மறைவை ஒட்டிய வாக்குவாதம் அடக்கத்தோடு முடியவில்லை. 2022 மே 28-ல் ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில், பழைய சிலை விழுந்த அதே அண்ணா சாலையில், புதுச் சிலை திறக்கப்பட்டது. 2023 ஜனவரி 31-ல் கலைவாணர் அரங்கத்தில் மெரினா கடலுக்குள் பேனா நினைவுச் சின்னம் வைப்பது பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. மீனவர்கள் எதிர்த்தார்கள், வைத்தால் உடைப்பேன் என்றார் சீமான், அரங்கம் கூச்சலில் முடிந்தது. 2024 பிப்ரவரியில் கடற்கரை நினைவிடம் திறக்கப்பட்டது.

இப்போது ஆண்டுதோறும் ஜூலை 23 அன்று நெல்லையில் கட்சிகளும் அமைப்புகளும் ஊர்வலமாக வந்து தாமிரபரணியில் பூத் தூவுகின்றன. பதினைந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 7 காலை, சென்னையில் ஓமந்தூரார் சிலையிலிருந்து மெரினா வரை கறுப்புச் சட்டையில் அமைதிப் பேரணி போகிறது.